எல்லா சர்வரிலும் ஒரே ஸ்கிரிப்டில் நிக் டீமிங்: ஓட்டலாமா, கூடாதா?

பவர்ஷெல்பாண்டி:
புது ராக்கில் எல்லாமே விண்டோஸ் சர்வர் 2019, ஆளுக்கு இரண்டு 10 ஜிகாபிட் போர்ட். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கணும், அதாவது நிக் (நெட்வொர்க் கார்டு) டீமிங். சர்வர் பெயர், ஐபி, விலான் (நெட்வொர்க்கைப் பிரிக்கும் எண்) மூன்றையும் சிஎஸ்வி பட்டியல் கோப்பில் போட்டு, இன்வோக்-கமாண்ட் வழியாக ரிமோட்டில் நியூ-நெட்எல்பிஎஃப்ஓடீம் (டீம் உருவாக்கும் பவர்ஷெல் கட்டளை) தட்டிவிடலாம் என்கிறேன். சீனியர் "கையாலதான் செய்யணும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். 2012லேயே வந்த வசதிங்க இது, இன்னுமா கையால?

கேபிள்காரன்:
சீனியர் சொல்றது சரி தம்பி. நீ உள்ளே போறதே அந்த நிக் வழியாத்தான். டீம் உருவான நொடியில கார்டுல இருந்த ஐபி போயிடும், டீம் இன்டர்ஃபேஸ் டிஹெச்சிபிக்கு (தானா ஐபி வாங்குற முறை) போய் நிக்கும், உன் செஷன் தொங்கும். அடுத்த வரியில ஐபி போடணுமே, அது ஓடுமா? நுனிக்கிளையில உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுற கதைதான். அது போக, ஒரு பெட்டியில "ஈதர்நெட் 2"ன்னு இருக்கிறது பக்கத்துப் பெட்டியில "ஈதர்நெட் 4".

பவர்ஷெல்பாண்டி:
அண்ணே, ரிமோட்ல ஓட்டினாத்தானே அந்தப் பிரச்சினை? ஸ்கிரிப்டை அங்கேயே காப்பி பண்ணி, ஷெட்யூல்டு டாஸ்க்கா சிஸ்டம் அக்கவுன்ட்ல ஓட்டுவேன். கேட்வேக்கு பிங் போகலைன்னா அதே டாஸ்க் டீமைக் கலைச்சுட்டு பழைய ஐபியைத் திரும்பப் போட்டுடும். பெயரையும் நம்பப்போறதில்லை, மேக் முகவரியை (கார்டோட அடையாள எண்) வைத்துத்தான் கார்டைத் தேடுவேன்.

இரவுப்பணி:
மேக் வைத்துத் தேடுவது நல்ல யோசனை, ஆனால் ஒரு பொறி இருக்கு. டீம் இன்டர்ஃபேஸ் முதல் உறுப்பினரின் மேக்கையே எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் இரண்டாம் முறை ஓடினால் அதே மேக்கில் இரண்டு அடாப்டர் வந்து நிற்கும். கார்டுகளைப் பட்டியலிடும் கெட்-நெட்அடாப்டர் கட்டளையில் பிசிக்கல் என்ற ஆப்ஷனைக் கொடுங்க, டீம் ஏற்கெனவே இருக்கான்னும் முதல்ல கேளுங்க. அந்தச் சோதனையெல்லாம் எழுத அலுப்பா இருந்தா, டிஎஸ்சியில் (வேண்டிய நிலையை எழுதிவைத்தால் அதுவே அமைத்துக்கொள்ளும் பவர்ஷெல் வசதி) நெட்வொர்க்டீம் ரிசோர்ஸ் இருக்கு.

கேபிள்காரன்:
சரி, மோடு என்ன? எல்ஏசிபின்னா (சர்வரும் சுவிட்சும் பேசிக்கிட்டு போர்ட்டைச் சேர்க்கிற முறை) சுவிட்ச் பக்கம் போர்ட் சேனல், அதாவது சேர்த்த போர்ட் குழு, யார் போடுவாங்க? நெட்வொர்க் ஆளுங்க டிக்கெட் எடுக்கவே வாரமாகும். ஒரு பக்கம் மட்டும் எல்ஏசிபி இருந்தா டீம் எழவே எழாது. உன் டாஸ்க் எல்லாப் பெட்டியிலயும் ராத்திரி முழுக்கக் கலைச்சுக் கலைச்சு விளையாடும்.

பவர்ஷெல்பாண்டி:
சுவிட்ச் இன்டிபென்டென்ட் (சுவிட்ச் பக்கம் எதுவும் செய்ய வேண்டாத மோடு), சுமையைப் பிரிக்க டைனமிக். இரண்டு போர்ட்டும் தனித்தனி சுவிட்சுக்குப் போகுது, எல்ஏசிபிக்கு வேலையே இல்லை.

இரவுப்பணி:
இதுல ஹைப்பர்-வி ஹோஸ்ட் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சர்வர்) ஏதாவது இருக்கா?

பவர்ஷெல்பாண்டி:
பாதிக்கு மேல அதுதான்.

இரவுப்பணி:
அப்போ கைமுறையா ஸ்கிரிப்டாங்கிற சண்டையே அப்புறம். ஹோஸ்டில் எல்பிஎஃப்ஓ (நீங்க சொன்ன கட்டளை உருவாக்கும் பழைய வகை டீம்) போடாதீங்க. சர்வர் 2016லேயே செட் (சுவிட்ச் எம்பெடட் டீமிங்) வந்தாச்சு, டீமிங் விர்ச்சுவல் சுவிட்சுக்குள்ளேயே நடக்கும். 2022ல் எல்பிஎஃப்ஓ டீம் மேல் விர்ச்சுவல் சுவிட்ச் உருவாக்கவே இயல்பாக விடாது. செட்டில் எல்ஏசிபி கிடையாது, கார்டு எல்லாம் ஒரே மாடல், ஒரே வேகமா இருக்கணும், அதிகபட்சம் 8. சிஎஸ்வியில் "ஹோஸ்டா இல்லையா"ன்னு ஒரு நெடுவரிசை சேர்த்து, ஸ்கிரிப்டை இரண்டா பிரிங்க.

கேபிள்காரன்:
பிரிச்சுக்கட்டும், எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. டாஸ்க் பாதியில செத்தா யார் கலைப்பாங்க? ஒவ்வொரு பெட்டியோட ஐலோவுக்கும் (நெட்வொர்க் போனாலும் சர்வரைத் தனி வழியில கையாள விடுற போர்ட்) உள்ளே போக முடியுதான்னு பார்த்துட்டு பட்டியல் போடு. அதுல நுழைய முடியாத பெட்டியை சிஎஸ்வியிலிருந்து எடுத்துடு, அதை நான் போய்க் கையால செய்றேன்.

பவர்ஷெல்பாண்டி:
ஐலோ பட்டியல் நாளைக்குப் போடுறேன். ஆனா அந்த மிச்சப் பெட்டிக்கும் ஸ்கிரிப்டைத்தான் பென் டிரைவ்ல தருவேன் அண்ணே.