கார்னெட்டில் ஓர் எழுத்து தப்பு: கிளம்பலாமா, தள்ளிப்போடலாமா?

வைகைக்கரை (இணையக் குழு உரையாடல், 2019 மார்ச், மூன்றாம் வாரம்)

அடுத்த வாரம் மதுரையிலிருந்து மூன்று வண்டிகள் கிளம்புகின்றன. இந்திய எல்லையான சோனாலி வழியாக நேபாளம், நேபாள எல்லையான ரசுவாகடி தாண்டி திபெத்தின் கேருங், லாசா, மேற்குச் சீனாவின் காஷ்கர், சீன எல்லையான இர்கேஷ்டம் கணவாய், கிர்கிஸ்தான் என்று ஐரோப்பா வரை. திரும்பும்போது வண்டிகள் கப்பலில் மும்பை வரும். வண்டியை வரி கட்டாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணமான கார்னெட் புத்தகம் நேற்றுதான் கைக்கு வந்தது. என் வண்டியின் ஆர்.சி.யில் சேஸிஸ் எண்ணில் பூஜ்யம் இருக்கும் இடத்தில், கார்னெட்டில் ஆங்கில ‘ஓ’ அடித்திருக்கிறார்கள். அட்டையிலும் உள்ளே எல்லாத் தாளிலும் அதேதான். புத்தகத்தைத் திருப்பி அனுப்பினால் திருத்தித் தர பத்து நாள் ஆகுமாம். சீனாவில் எங்கள் பயணத்தை ஏற்பாடு செய்யும் ஏஜென்சி கேருங் நுழைவுக்கு ஏப்ரல் 9 என்று உறுதி செய்துவிட்டது. என்ன செய்வது?

நெடுவழி

கிளம்புங்கள் அண்ணே. உங்கள் பாதையில் கார்னெட் கேட்கிற நாடு எது? நேபாளத்தில் நம் வண்டிக்கு பன்சார் என்ற அந்நாட்டுச் சுங்கச் சீட்டு போதும். சீனா கார்னெட்டை ஏற்பதே இல்லை, அங்கே ஏஜென்சி வாங்கித் தரும் தற்காலிக நம்பர் பிளேட்டும் லைசன்ஸும்தான். கிர்கிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா எங்கும் தேவையில்லை. ஈரான், பாகிஸ்தான் வழி என்றால் நானே நிறுத்தச் சொல்லியிருப்பேன். இன்னொன்று, 17 இலக்க சேஸிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் வரவே கூடாது என்பது உலக விதி. அது பூஜ்யம்தான் என்று யாருக்கும் புரியும்.

துறைமுகத்தான்

நெடுவழி சொல்கிற விதி சரி. ஆனால் சுங்கக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்துவிட்டு வருவதில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்வார், சேஸிஸ் எண் தகட்டில் டார்ச் அடிப்பார், விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். ஒன்று பொருந்தாவிட்டாலும் புத்தகத்தை மூடிவிடுவார். நான் சுங்கத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை செய்கிறேன், இதைத் தினமும் பார்க்கிறேன்.

கார்னெட் வேண்டியது வெளிநாட்டுக்காக மட்டும் இல்லை, வைகைக்கரை. இந்த வண்டி இந்தியாவிலிருந்துதான் போனது என்பதற்கு சோனாலியில் நம் சுங்கம் போடும் முத்திரைதான் அத்தாட்சி. மும்பையில் இறங்கும்போது எண் பொருந்தவில்லை என்றால், வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியை இறக்குமதி செய்கிறீர்கள் என்ற கணக்கில் வரி கேட்பார்கள். கார்னெட் கணக்கு ஒழுங்காக முடியாவிட்டால் நீங்கள் கட்டிய வங்கி உத்தரவாதத்துக்கும் ஆபத்து.

நெடுவழி

அது மாதக்கணக்கில் கழித்து வரும் பிரச்சினை. தள்ளிப்போட்டால் வரும் பிரச்சினை உடனே வரும். பிப்ரவரி, மார்ச்சில் திபெத் மூடியிருக்கும் என்பதால் ஏப்ரல் தொடக்கத்தைப் பிடித்திருக்கிறார்கள். 9ஆம் தேதி நுழைந்தால் 26 வெள்ளிக்கிழமைக்குள் இர்கேஷ்டம் தாண்டிவிடலாம். சில நாள் தள்ளினால் மே 1 முதல் 4 வரை சீனாவில் தொழிலாளர் நாள் விடுமுறை. எல்லை திறக்காது, சனி ஞாயிறும் திறக்காது. காஷ்கரில் அறை வாடகை, வழிகாட்டிக்குத் தினச் சம்பளம் எல்லாம் ஏறும். அந்தச் செலவை மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் ஏன் சுமக்க வேண்டும்?

துறைமுகத்தான்

மற்றவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன். ஒரு வண்டி எல்லையில் மாட்டினால் மூன்றும்தான் நிற்கும்.

கொல்லிமலை

இரண்டு பேரும் தேதியையும் புத்தகத்தையும் ஒன்றாகக் கட்டிப் பேசுகிறீர்கள். இந்தியாவுக்குள் ஓட்ட கார்னெட் எதற்கு? வண்டி கிளம்பட்டும். புத்தகத்தைக் கூரியரில் அனுப்பாமல் ஒருவர் கையோடு கொண்டுபோய், அந்த அலுவலகத்திலேயே உட்கார்ந்து திருத்தி வாங்கட்டும். முடிந்ததும் விமானத்தில் கோரக்பூர் வந்து சேரட்டும், சோனாலி பக்கத்தில்தான். ஆனால் புத்தகம் வராமல் சோனாலியைத் தாண்டாதீர்கள். காத்மாண்டுவில் சீனக் குழு விசாவுக்கு அசல் பாஸ்போர்ட்டை சில வேலை நாள்கள் கொடுத்து வைக்க வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

நெடுவழி

இது நடக்கும். ஆனால் கோரக்பூரில் காத்திருக்க ஒரு கெடு வையுங்கள். ஏப்ரல் 3க்குள் புத்தகம் வராவிட்டால் மற்ற இரண்டு வண்டிகளும் போய்விட வேண்டும்.

துறைமுகத்தான்

கெடு சரி. பேனாவால் மட்டும் யாரும் திருத்திவிடாதீர்கள், கொடுத்தவர்களின் முத்திரை இல்லாத திருத்தம் புத்தகத்தையே செல்லாமல் ஆக்கிவிடும். சீன ஏஜென்சிக்கு எந்த எண்ணைக் கொடுத்தீர்கள்? ஆர்.சி.யைப் பார்த்தா, கார்னெட்டைப் பார்த்தா?

வைகைக்கரை

ஆர்.சி. நகல்தான் ஜனவரியிலேயே அனுப்பினோம், அங்கே பூஜ்யம் சரியாக இருக்கிறது. தம்பி நாளைக் காலை புத்தகத்தோடு ரயிலேறுகிறான். மற்ற இரண்டு கார்னெட்டையும் இப்போது எடுத்துவைத்துத் தகட்டோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது வண்டியில் இன்ஜின் எண்ணின் கடைசி இலக்கம் மங்கலாக அச்சாகியிருக்கிறது, அதையும் அவனிடமே கொடுத்து அனுப்புகிறேன்.