'நிரூபிக்க' கணக்குகளைப் பத்தாம் வகுப்பிலிருந்து தூக்கிவிட்டால் என்ன?

நெல்லைத்தகப்பன்:
மகள் பத்தாவது, மாநிலப் பாடத்திட்டம். முக்கோணவியலில் 'நிரூபிக்க' என்று வரும் கணக்குகளில் அவள் புலி. மேலே டேன் + செக் − 1, கீழே டேன் − செக் + 1 (செக் என்றால் 1/காஸ்), இது (1 + சைன்)/காஸ் என்று காட்டு என்பார்களே, அந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவாள் (தட்டச்சு சிரமம், கோணத்தைக் குறிக்கும் தீட்டாவை எல்லா இடத்திலும் விட்டுவிடுகிறேன்). மேலே இருக்கிற 1-ஐ எடுத்துவிட்டு அதற்குச் சமமான செக்² − டேன்² போடுகிறாள், காரணிப்படுத்துகிறாள், மேலும் கீழும் அடிக்கிறாள், முடிந்தது. சரி, ஏன் மேலே உள்ள 1-ஐ மாற்றினாய், கீழேயும்தான் ஒரு 1 இருக்கிறதே என்று கேட்டால் "டியூஷன்ல அப்படித்தான் போட்டாங்க". சைன் 30 ஏன் அரை என்று கேட்டேன். இடது கையை விரித்து ஒரு விரலை மடக்கிக் காட்டுகிறாள், மதிப்பை நினைவில் வைக்கிற விரல் வித்தை.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், இந்த நிரூபணக் கணக்குகளை மொத்தமாக எடுத்துவிட்டு அந்த நேரத்தை உயரங்களும் தொலைவுகளும், ஒன்பதாம் வகுப்பில் வரும் சைன் அட்டவணை, ஓரலகு வட்டம் (ஆரம் 1 உள்ள வட்டம்) இவற்றுக்குக் கொடுக்கலாம். இடப்பக்கத்தை வலப்பக்கமாக்கிக் காட்டுவதால் ஒரு பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

கணக்குடீச்சர்:
சார், கேள்வி நியாயம், தீர்வு தவறு. வருஷக் கணக்கில் அரசுப் பள்ளியில் இந்தப் பாடத்தை எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். a² − b²-ஐ ஒன்பதாவதில் காரணிப்படுத்தத் தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு அதை மறுபடி கற்றுக்கொடுக்க எனக்குக் கிடைக்கிற இடமே இந்த முற்றொருமைதான் (கோணம் எதுவானாலும் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் வாய்பாடு). பின்னத்தைக் கூட்டுவது, பொதுக் காரணி எடுப்பது, இணை எண்ணால் பெருக்குவது எல்லாம் இங்கேதான் கையில் பழகுகிறது.

உங்கள் மகளிடம் நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி, ஆனால் பாதியில் விட்டுவிட்டீர்கள். கீழே உள்ள 1-ஐ மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டேன் − செக் + (செக்² − டேன்²). இதில் (செக் − டேன்) பொதுவாக வரும், மிச்சம் (செக் + டேன் − 1). அதுதானே மேலே இருக்கிறது! அடித்துவிட்டால் 1/(செக் − டேன்), அதாவது செக் + டேன். அதே விடை. எந்த 1-ஐ மாற்றினாலும் கணக்கு வரும். இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால் அன்றைக்கு அந்தப் பாடம் முடிந்த மாதிரி. கணக்கில் குறை இல்லை சார், மனப்பாடம் பண்ணவைக்கிற முறையில் குறை.

கோவைமெக்கானிக்கல்:
டீச்சர், மரியாதையோடு சொல்கிறேன், காரணிப்படுத்தல்தான் நோக்கம் என்றால் அதை இயற்கணிதத்திலேயே சொல்லிக்கொடுங்கள், காஸ், சைன், டேன் இவற்றைத் தலைகீழாக்கி செக் கொசெக் காட் என்று மூன்று வேஷம் கட்டிவிட வேண்டாம். இயந்திரப் பாகங்கள் வரைவதுதான் என் பிழைப்பு. சைனும் காஸும் டேனும் தினமும் வேண்டும். மற்ற மூன்றையும் வேலைக்கு வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் கேட்டதில்லை. சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டரில் அந்த மூன்றுக்கும் பொத்தானே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா?

கணக்குடீச்சர்:
பொத்தான் இல்லாததெல்லாம் தேவையில்லை என்றால் பாதிக் கணக்கைத் தூக்க வேண்டியதுதான். டேனை வகையிட்டால் செக்² வருகிறது. 1 + x² வர்க்கமூலத்துக்குள் வந்து நின்றால் x-க்கு டேனைப் பிரதியிட்டு 1 + டேன் = செக்... இல்லை, டேன்² என்று படியுங்கள், 1 + டேன்² = செக்² என்று எழுதித்தான் தொகையிடுகிறோம். நீங்களும் கல்லூரியில் அப்படித்தான் போட்டிருப்பீர்கள்.

பைபிரியன்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பத்தாம் வகுப்பு நிரூபணத்தில் எனக்குள்ள கோபம் வேறு: எந்தக் கோணத்துக்கு இது உண்மை என்று யாருமே கேட்பதில்லை. எல்லா கைடிலும் இருக்கும் கணக்கு ஒன்று: (1 + காஸ்)/(1 − காஸ்), இதன் வர்க்கமூலம் கொசெக் + காட் என்று நிரூபிக்க. மேலும் கீழும் (1 + காஸ்) ஆல் பெருக்கு, கீழே சைன்² வரும், மூலத்தை எடு, முடிந்தது. 210 பாகையைப் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் சுமார் 0.268. வலப்பக்கம் கொசெக் −2, காட் 1.732, கூட்டினால் −0.268. ஒரு பக்கம் கூட்டல் குறி, இன்னொரு பக்கம் கழித்தல் குறி. எங்கே போயிற்று நிரூபணம்? சைன்²-இன் வர்க்கமூலம் சைன் என்று எழுதினார்களே, அங்கேதான் போயிற்று. சைன் குறை எண்ணாக இருந்தால் அது −சைன்.

கணக்குடீச்சர்:
பத்தாவதில் கோணம் செங்கோண முக்கோணத்துக்குள்தான், கூரிய கோணம், அதாவது 90-க்குக் குறைந்த குறுங்கோணம். அங்கே சைன் எப்போதும் மிகை. அதனால் அந்தப் படி சரி.

பைபிரியன்:
சரிதான் டீச்சர், ஆனால் அந்த ஒரு வரியை விடைத்தாளில் எத்தனை பேர் எழுதுகிறார்கள்? எழுதாவிட்டால் யாராவது மார்க் குறைக்கிறார்களா? 'கோணம் கூரியது, ஆகவே சைன் மிகை எண்' என்று ஒரு வரி எழுதாதவனுக்கு அது நிரூபணம் இல்லை, சடங்கு. பதினொன்றாம் வகுப்பில் கோணம் வட்டத்தைச் சுற்ற ஆரம்பித்ததும் இவர்கள் மொத்தமாகக் கவிழ்வது இதனால்தான்.

அப்புறம் அந்த விரல் விஷயம். சைன் 30 அரை என்பதற்கு விரலும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். வட்டத்துக்குள் ஒழுங்கு அறுங்கோணம் வரைந்தால் அதன் பக்கம் ஆரத்துக்குச் சமம். மையத்தில் 60 பாகை. அதைப் பாதியாக்கினால் பக்கமும் பாதி ஆகிவிடுகிறது, ஆரத்தில் அரை. 499-இல் ஆரியபட்டர் வித்தியாசங்களாகத் தந்த 24 சைன் மதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள், 3 பாகை 45 கலைக்கு (60 கலை ஒரு பாகை) ஒன்று, ஆரம் 3438. எட்டாவது மதிப்பு 30 பாகைக்கு உரியது, 1719. அதாவது 3438-இல் சரிபாதி. பக்கம் 2 உள்ள சமபக்க முக்கோணத்தை நடுவில் வெட்டிக் காட்டினாலும் இதே விடைதான், ஐந்து நிமிஷ வேலை.

இன்ஜினியரிங்முதலாண்டு:
அண்ணா சொல்வது நூறு சதவீதம் உண்மை. பத்தாவதில் சென்டம் வாங்கிய பையன் நான். பதினொன்றில் முதல் தேர்வில் சைன் = 1/2 என்றால் 30 என்று மட்டும் எழுதிவிட்டு வருகிறவர்கள்தான் வகுப்பில் பாதிப் பேர், 150 யாருக்கும் நினைவுக்கே வராது. 2காஸ்² + 3சைன் = 0 என்று ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். காஸ்²-ஐ 1 − சைன்² ஆக்கினால் 2சைன்² − 3சைன் − 2 = 0, அதிலிருந்து (2சைன் + 1)(சைன் − 2) = 0. இதுவரை எல்லாரும் வந்துவிடுவார்கள், டீச்சர் சொன்ன காரணிப்படுத்தல் பழக்கம் இங்கே உதவியது, அதை மறுக்கவில்லை. அதற்கப்புறம் சைன் = 2 என்பதற்கும் ஒரு கோணம் தேடுகிறவர்கள் உண்டு! ஓரலகு வட்டத்தை ஒரு தடவை வரைந்து பார்த்தவன் அதைத் தேட மாட்டான், உயரம் 1-க்கு மேல் போகாது என்று கண்ணாலேயே தெரியும். −1/2-க்கு 210-ம் 330-ம் என்பதும் அதே படத்திலிருந்து வந்துவிடும்.

பழையசர்வேயர்:
நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே எல்லாரும் தாளிலேயே சண்டை போடுகிறீர்களே என்றுதான் எழுதுகிறேன். பாடப்புத்தகத்து மரமும் கோபுரமும் எப்போதும் 30, 45, 60-இல்தான் நிற்கும், இல்லையென்றால் டேன் மதிப்பைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். சர்வீஸில் ஒரு நாள்கூட எனக்கு அவ்வளவு ஒழுங்கான கோணம் கிடைத்ததில்லை. 12 பாகை சரிவுள்ள மேட்டில் நாடா பிடித்தால் 50 மீட்டர் காட்டும். வரைபடத்தில் போட வேண்டியது கிடைத்தளத் தூரம், 50-ஐ காஸ் 12-ஆல், அதாவது 0.9781-ஆல் பெருக்கினால் 48.9 மீட்டர். ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்த ஒரு மீட்டருக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போன கதையெல்லாம் இருக்கிறது. இப்போது டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி அதைத் தானே போட்டுக்கொடுத்துவிடுகிறது, ஆனால் உள்ளே நடப்பது இதே காஸ்தான்.

நம்ம ஊரிலேயே எவ்வளவு பெரிய கதை கிடக்கிறது, அதை எந்தப் பிள்ளைக்காவது சொல்கிறோமா? பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் 1802-இல் சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு அளந்தார். அந்த ஒரு பக்கத்தைத்தான் சங்கிலி போட்டு அளந்தார்கள், அதிலிருந்து முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போனதெல்லாம் கோணத்தை வைத்து, சைன் விதியை வைத்து (முக்கோணத்தின் பக்கங்கள் எதிர்க்கோணங்களின் சைன் விகிதத்தில் இருக்கும் என்ற விதி). 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. சுற்றிலும் சமவெளி, கோணம் பார்க்க அதைவிட உயரமான இடம் இல்லை, அதனால்தான் கோயில் மேலேயே ஏறினார்கள். அந்த வேலையின் தொடர்ச்சிதான் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவித்தது, 100 மைலுக்கும் மேல் தள்ளி நின்று பார்த்த கோணங்களிலிருந்து. சைன் விதியைப் பதினொன்றாவது வரை தள்ளிவைத்துவிட்டு, பத்தாவதில் கொசெக்கோடு மல்லுக்கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

கணக்குடீச்சர்:
ஐயா, அதை வகுப்பில் செய்தும் பார்த்திருக்கிறோம். பாகைமானி, ஸ்ட்ரா, நூலில் ஒரு கல், அவ்வளவுதான் கருவி. பள்ளிக் கட்டடத்தை அளக்கச் சொன்னேன். ஒரு குழு சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றுகொண்டது, ஏற்றக்கோணம் 75 பக்கம் வந்தது. இன்னொரு குழு தள்ளிப் போய் 45 கிட்டே நின்றது. பக்கத்தில் நின்றவர்களின் விடைகள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை, ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் ஒரு மாடி வித்தியாசம். பலகையில் போட்டுக் காட்டினேன்: தூரம் 4.3 மீட்டர், கோணம் 75 என்றால் உயரம் 16 மீட்டர். கை நடுங்கி 73 என்று படித்தால் 14, 77 என்று படித்தால் 18.6. அதே 16 மீட்டர் கட்டடத்தை 16 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் கோணம் 45, அங்கே அதே இரண்டு பாகை தப்பினாலும் 14.9-க்கும் 17.2-க்கும் உள்ளேதான் இருக்கும். கோணம் 90-ஐ நெருங்க நெருங்க டேன் எப்படித் துள்ளுகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது அவர்களுக்கு. கண் உயரத்தைக் கூட்ட மறந்தது பாதி வகுப்பு, அது தனிக் கதை.

அதனால் நான் செயல்முறைக்கு எதிரி இல்லை. ஆனால் இதைச் செய்ய எனக்கு இரண்டு பாடவேளை போனது, சிலபஸ் யார் முடிப்பது?

டியூஷன்மாஸ்டர்:
எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். நான் கசப்பாகப் பேசுகிறேன். பொதுத்தேர்வில் எட்டு மார்க் இரண்டும் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் போய்விடும். மற்றபடி ஐந்து மார்க்கும் இரண்டு மார்க்கும் ஒரு மார்க்கும்தான். மெல்லக் கற்போர் பட்டியலில் இருக்கும் ஒரு பையனுக்கு, வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பையனுக்கு, உயரமும் தொலைவும் கணக்கில் படமே வராது. கப்பல் எங்கே, கலங்கரை விளக்கம் எங்கே, இறக்கக்கோணத்தை எங்கே குறிப்பது என்றே தடுமாறுவான். ஆனால் முற்றொருமை ஒன்றைப் படிப்படியாக எழுதிப் பழகினால் எழுதிவிடுவான், பாதியில் நின்றாலும் ஸ்டெப் மார்க் உண்டு. அதை எடுத்துவிட்டு ஓரலகு வட்டம் வைக்கிறேன் என்கிறீர்கள். யாருக்கு நல்லது? ஏற்கெனவே 90 எடுக்கிற பிள்ளைக்கு.

நெல்லைத்தகப்பன்:
மாஸ்டர், அந்தப் பையன் எழுதுவது அவனுக்கே புரியாத ஐந்து மார்க் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவன் பாஸாக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு என் மகளும் சேர்ந்து உருப்போட வேண்டுமா?

டியூஷன்மாஸ்டர்:
உங்கள் மகளுக்குக் கேள்வி கேட்க அப்பா இருக்கிறார் சார். வினாத்தாள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

கணக்குடீச்சர்:
சண்டை வேண்டாம். தகப்பனார் சார், மகளிடம் இதைக் கொடுங்கள்: சைன் + காஸ் = 1. இது முற்றொருமையா, சமன்பாடா? எல்லாக் கோணத்துக்கும் சரியா, சிலவற்றுக்கு மட்டுமா?

இன்ஜினியரிங்முதலாண்டு:
இது என்னைப் பழிவாங்கிய கணக்கு டீச்சர்! இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினால் சைன்² + காஸ்² போய் 2சைன் காஸ் = 0 மட்டும் நிற்கும், 0, 90, 180, 270 நான்கும் விடை என்று தோன்றும். 180-ஐப் போட்டால் −1 வருகிறது, 270-க்கும் −1. வர்க்கப்படுத்தும்போது −1-ம் 1 ஆகிவிடுவதால் உள்ளே வந்த வேண்டாத விருந்தாளிகள். ஒரு சுற்றுக்குள் 0-ம் 90-ம்தான், பிறகு 360 கூட்டிக்கொண்டே போகலாம்.

கோவைமெக்கானிக்கல்:
தம்பி, இந்தக் கணக்குக்கு உனக்குத் தேவைப்பட்ட முற்றொருமை எத்தனை? ஒன்றே ஒன்று, சைன்² + காஸ்² = 1. சிபிஎஸ்இ பத்தாவதில் அந்த ஒன்றை நிரூபித்து, எளிய முற்றொருமைகள் மட்டும் போதும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

கணக்குடீச்சர்:
அதே பாடத்திட்டப் புத்தகத்தை வாங்கிப் பயிற்சியைப் புரட்டிப் பாருங்கள். செக், கொசெக், காட் மூன்றும் அங்கேயும் இருக்கும்.

கோவைமெக்கானிக்கல்:
இருக்கட்டும் டீச்சர், குறைவாக இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பைபிரியன்:
குறைத்தாலும் சரி, கூட்டினாலும் சரி, 'கோணம் கூரியது' என்று எழுதாதவனுக்கு அரை மார்க்காவது குறையுங்கள்.