மூலம் தொலைந்த ஸ்காட்லாந்து பத்திரம்: கையில் இருக்கும் படியை எவ்வளவு நம்பலாம்?

தேன்மொழி_எடின்பரோ (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் பழைய கையெழுத்தைப் படிக்க ஒன்றரை வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இப்போது என் மேசையில் இருப்பது ஃபைஃப் பகுதியில் ஒரு நிலத்தின் குத்தகைப் பத்திரம். ஏழு பக்கம். பத்திரத்துக்குள் இருக்கும் தேதி 1585 பிப்ரவரி. ஆனால் எழுத்து அந்தக் காலத்து எழுத்து அல்ல, குறைந்தது நாற்பது வருடமாவது பிந்தியது என்று என் ஆசிரியர் சொல்கிறார். கடைசியில் மூன்று கையொப்பங்கள், மூன்றும் பத்திரம் எழுதிய அதே கையில். அவற்றுக்கு முன்னால் லத்தீனில் ‘சிக் சப்ஸ்கிரிபிட்டூர்’ என்று இருக்கிறது, ‘இவ்வாறு கையொப்பமிடப்பட்டது’ என்று பொருள். ஆக, இது யாரோ பார்த்து எழுதிய படி. மூலம் எங்கே என்று தெரியவில்லை.

இதில் ஒரே ஓர் ஊர்ப்பெயரோடு இரண்டு வாரம் போராடினேன். நடுவில் இசட் போல ஓர் எழுத்து. எந்த வரைபடத்திலும் அப்படி ஓர் ஊர் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது இசட் இல்லை, ‘யோக்’ என்ற பழைய எழுத்து, ஏறக்குறைய ‘ய’ ஒலி. மென்சிஸ் என்று அச்சில் பார்க்கும் குடும்பப் பெயரை ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘மிங்கிஸ்’ என்று சொல்வதற்கும் அதே எழுத்துதான் காரணமாம். அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

மறுநாள் என்னோடு படிக்கும் ஒருவர், “இது வெறும் காப்பிதானே, இதற்கா இவ்வளவு பாடு? காப்பியை ஆதாரமாக யார் ஏற்பார்கள்?” என்றார். அதிலிருந்து மனசு ஒட்டவில்லை. சொல்லுங்கள், இப்படி ஒரு படியை எவ்வளவு தூரம் நம்பலாம்? பிழை என்று தெரியும் இடத்தை நான் திருத்தி எழுதலாமா? நடுவில் ஓர் இடத்தில் எழுத்தே இல்லாமல் வெறும் இடம் விட்டிருக்கிறார், அதை என்ன செய்வது?

மைக்கூடு

தேன்மொழி, அந்த நண்பர் சொன்னதை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்காட்லாந்து வரலாற்றில் படிகளை ஒதுக்கினால் பேசுவதற்கு அதிகம் மிஞ்சாது.

1296இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தின் அரசு ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனார். 1651இல் ஸ்டெர்லிங் கோட்டை விழுந்த பிறகு கிராம்வெல்லின் ஆங்கிலப் படை மறுபடியும் அள்ளி லண்டனுக்கு அனுப்பியது. 1660 டிசம்பரில் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். வழியில் புயல். 85 பீப்பாய் ஆவணங்களை எலிசபெத் என்ற இன்னொரு கப்பலுக்கு மாற்ற, அது நார்தம்பர்லாந்துக் கரைக்கு அப்பால் மூழ்கிப் போனது. அந்த 85 பீப்பாய்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. 1629 வாக்கில் யாரோ தயாரித்த ஒரு சாசனப் பட்டியலை வில்லியம் ராபர்ட்சன் 1798இல் அச்சிட்டார். 1309 முதல் 1413 வரை அரசர்கள் கொடுத்த சாசனங்களின் பட்டியல் அது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பதிவுகள் அப்போதே காணாமல் போயிருந்தன. ஓர் ஊருக்கு, ஒரு குடும்பத்துக்கு, அந்தப் பட்டியலில் உள்ள ஒற்றை வரிதான் மிச்சம்.

1320ஆம் வருட ஆர்ப்ரோத் பிரகடனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை வலியுறுத்தி போப் இருபத்திரண்டாம் ஜானுக்கு அனுப்பிய அந்தக் கடிதம் இன்று இல்லை. எடின்பரோவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பது ஊரிலேயே வைத்துக்கொண்ட படி. அதுவும் ஒரு காலத்தில் ஈரத்தில் கெட்டுப்போனது. இன்ச்கோம் மடத்துத் தலைவர் வால்டர் பவர் 1440களில் எழுதிய ஸ்காட்டிகிரானிகன் வரலாற்றில் அதன் வாசகத்தைச் சேர்த்து வைத்தார். அதை ‘வெறும் காப்பி’ என்று யாராவது சொல்வார்களா?

இனி உங்கள் பத்திரம். மூலம் தொலைந்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். ஸ்காட்லாந்தில் பத்திரத்தை நீதிமன்றப் பதிவேட்டில் பதிவதற்குக் கொடுத்தால், எழுத்தர் அதைப் பதிவேட்டில் படியெடுப்பார். கையொப்பமிட்ட மூலத்தை நீதிமன்றமே வைத்துக்கொள்ளும். கொடுத்தவர் வீட்டுக்கு எடுத்துப்போவது அதிகாரியின் கையொப்பமிட்ட இன்னொரு படி. அந்த மூலத்துக்கு அங்கே ‘வாரண்ட்’ என்று பெயர், கைது வாரண்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உயர் நீதிமன்றத்தின் பத்திரப் பதிவேடு 1554இலிருந்து தொடங்குகிறது. ஆகவே உங்கள் பத்திரத்தின் முடிவில் ‘பதிவு செய்ய ஒப்புகிறோம்’ என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூலம் எங்கேயோ ஒரு பெட்டியில் மடித்தபடி கிடக்க வாய்ப்பு உண்டு. பதிவான தேதி பத்திரத்தின் தேதியிலிருந்து பல வருடம் தள்ளியும் இருக்கலாம், அதனால் 1585, 86 பக்கங்களோடு நிறுத்திவிடாதீர்கள்.

தேதியிலும் ஒரு சங்கதி. ஸ்காட்லாந்தில் 1600இலிருந்துதான் ஜனவரி 1 வருடப் பிறப்பு. அதற்கு முன் மார்ச் 25. உங்கள் ‘1585 பிப்ரவரி’ பழைய கணக்கில் எழுதியதானால் நம் கணக்கில் 1586. பிந்திய காலத்தில் படியெடுத்தவர் பழைய கணக்கை அப்படியே விட்டிருக்கிறாரா, தன் கணக்குக்கு மாற்றியிருக்கிறாரா என்பதை இன்னோர் ஆவணத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்கள். எழுதியவரைத் தெரிந்துகொண்ட அளவுக்கு நம்பலாம். ஏழு பக்கத்திலும் அவர் வழுக்கும் இடங்களைக் குறித்து வையுங்கள். ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளுக்கு நடுவே கண் தாவி ஒரு வரியை விட்டாரா? ‘எம்’, ‘என்’, ‘யூ’ அடுத்தடுத்து வந்தால் கோடுகளை எண்ணுவதில் தடுமாறுகிறாரா? பழைய எழுத்துமுறையைத் தன் காலத்து முறைக்கு மாற்றுகிறாரா? மூன்றாவது பக்கத்துக்கு வரும்போது அந்த மனிதரின் பழக்கம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். எனக்கு ஒரு முறை எண்களில் மட்டும் தவறும் எழுத்தர் ஒருவர் கிடைத்தார். பெயர்களில் அவர் அப்படி ஒரு கவனம்! அது புரிந்த பிறகு அவருடைய பெயர்களை நம்பினேன், தொகைகளை மட்டும் சோதித்தேன்.

நாணல்

மைக்கூடு சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன், என் நாட்டம் கவிதைப் பக்கம்.

1568இல் எடின்பரோவில் கொள்ளைநோய். ஜார்ஜ் பன்னட்டைன் என்ற இளம் வணிகர் அந்த நாட்களில் உட்கார்ந்து, கிடைத்த பாடல்களையெல்லாம் படியெடுத்தார். டன்பர், ஹென்ரிசன் என்ற பழைய ஸ்காட்லாந்துக் கவிஞர்களின் பாடல்கள் நமக்குக் கிடைத்ததில் அந்தக் கைக்குப் பெரிய பங்கு உண்டு. தான் பார்த்து எழுதிய ஏடுகளே பழையவை, சிதைந்தவை என்று அவரே குறை சொல்கிறார். அதாவது அதுவும் படியின் படி. ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டண்டாக மாறிய சமயச் சீர்திருத்தம் நடந்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதனால் இயேசுவின் தாய் மரியாளைப் போற்றும் இடங்களில் சில மாற்றங்களும் அதில் தெரிகின்றன. ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்போமே, அது இங்கேயும் பொருந்தும். ஆனாலும் அவர் எழுதாமல் இருந்திருந்தால்?

இன்னொன்று. மெய்ட்லண்ட் ஃபோலியோ என்ற பழைய கையெழுத்துக் கவிதைத் தொகுப்பில் சில ஏடுகள் இப்போது இல்லை. ஏடுகள் விழுவதற்கு முன்பே, 1622 வாக்கில், ஜான் ரீட்பெத் என்பவர் அதைப் பார்த்து எழுதி வைத்தார். அவர் படி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மூலத்தில் விழுந்துபோனது படியில் நிற்கிறது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

பழந்தாள்

திருத்துவது பற்றி மட்டும் சொல்கிறேன். திருத்தாதீர்கள். பிழையோ சரியோ, இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள், உங்கள் கருத்தை அடிக்குறிப்பில் தனியாகச் சொல்லுங்கள். சுருக்கெழுத்துகளை விரித்தால், விரித்த எழுத்துகளைச் சாய்வாகப் போடுங்கள். ‘வாட்’ என்ற சொல்லை க்யூ, யூ, எச் போட்டுத் தொடங்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டாம். அடுத்து வருபவர் உங்கள் படியைத்தான் பார்ப்பார், எது எழுத்தருடையது, எது உங்களுடையது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

தேன்மொழி_எடின்பரோ

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். மைக்கூடு சொன்ன பதிவு வாசகம் ஆறாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது! வழக்கமான முடிவுரை என்று நினைத்து வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். எந்த வருடப் பதிவேட்டில் தொடங்கித் தேடுவது என்று என் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

என் எழுத்தர் கண் தாவுபவர். இரண்டாம் பக்கத்தில் ஒரே வரியை இரண்டு முறை எழுதி, ஒன்றை மெல்லிய கோட்டால் அடித்திருக்கிறார். இத்தனை நாள் அதைக் கறை என்று நினைத்திருந்தேன். பெயர்களில் அவருக்கு அவசரமே இல்லை.

அந்த வெற்றிடம் பற்றி. முன்னும் பின்னும் படித்தால் அங்கே ஒரு வயலின் பெயர் வர வேண்டும். அவருக்கு மூலத்தில் அது படிக்க வரவில்லை போலிருக்கிறது. ஊகித்து எதையாவது எழுதாமல், பின்னால் யாராவது நிரப்பட்டும் என்று இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார். என் படியிலும் அந்த இரண்டு விரல் இடத்தை விட்டிருக்கிறேன்.