கோல்டு பிஷ் தொட்டிக்கு பில்டர் மாத்துன அனுபவம்

திருப்பூர்ல இருந்து எழுதறனுங்க. எங்க தொட்டி ரெண்டடி நீளம், அகலமும் உயரமும் ஒவ்வொரு அடி. கணக்குப் போட்டா 55 லிட்டர் சொச்சம். அதுல கோல்டு பிஷ் நாலு. தொட்டியோட சேத்துக் குடுத்தது, தண்ணிக்குள்ள முக்கி வெக்கிற சின்ன மோட்டார் பில்டர். உள்ள கட்டைவிரல் தண்டிக்கு ஒரு ஸ்பாஞ்ச், அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமையானா அந்த ஸ்பாஞ்சைக் கழட்டி, குழாயைத் திறந்து விட்டு, வெள்ளையாகுற வரைக்கும் கசக்குவேன். செவ்வாய், புதன்ல தண்ணி பால் கலந்தாப்புல மங்கிரும். மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து மூடும். ஒரு புதன்கிழமை காலையில பாப்பா வந்து, "அப்பா, பெரிய மீனு சாஞ்சு கெடக்குதுங்க"ன்னு எழுப்புனா. செவுளெல்லாம் ரத்தச் செவப்பு. அன்னைக்கு ரெண்டு போச்சு. பாப்பா ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகலை.

அப்புறந்தான் உக்காந்து படிச்சேன். மீனோட கழிவு, மிஞ்சுன தீனி எல்லாம் அமோனியாவாகுது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொண்ணு அதை நைட்ரேட் ஆக்கும். மொத ரெண்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு கொடூரமில்லை, வாரம் கால்பங்கு தண்ணி மாத்துனா அடங்கிரும். இந்த பாக்டீரியா பெரும்பாலும் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும்தான் ஒட்டிக் குடியிருக்கும். குழாயில வர்ற நல்ல தண்ணியில குளோரின் இருக்கு. வாராவாரம் நான் அதுகளைத்தான் கொன்னுட்டு இருந்திருக்கேன்.

போர் தண்ணி ஊத்தலாம்னா அதுல வேற சங்கடம். உப்புத் தண்ணி, எங்க வீட்டுல பி.எச். (தண்ணியோட அமில, காரத்தன்மையைக் காட்டுற அளவு) 8-ஐத் தாண்டுது. பி.எச்.சும் சூடும் ஏற ஏற, இருக்கிற அமோனியாவுல விஷமாகுற பங்கு கூடும். சித்திரை வெயில்ல தொட்டி என்ன சூடாகும்னு உங்களுக்கே தெரியும்.

அதனால பில்டர் வாங்கப் போனா, அட்டையில மணிக்கு எத்தனை லிட்டர்னு போட்டிருக்கிறதோட நிக்காதீங்க. தொட்டியைப் போல நாலஞ்சு மடங்கு ஓட்டம் வேணுங்கிறது சரி, எனக்கு 250 லிட்டர் பக்கம் வந்துச்சு. ஆனா அழுக்கு சேரச் சேர அந்த ஓட்டம் குறையும். உள்ள எவ்வளவு ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் (பாக்டீரியா ஒட்டிக்கிற பொடிப்பொடி ஓட்டை உள்ள சின்ன வளையம்) புடிக்கும், சுலபமா கழட்ட முடியுமா, கரண்ட் போய் வந்தா தானா ஓடுமா? எனக்கு இதெல்லாந்தான் முக்கியமாப் பட்டுச்சு.

கேனிஸ்டர்னு தொட்டிக்கு வெளிய வெக்கிற மூடுன டப்பா பில்டர் மேல ஆசைதான், ஸ்பாஞ்ச், ரிங்குன்னு நெறைய மீடியா புடிக்கும். ஆனா மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு நிறுத்துனாங்கன்னா, எங்க ஏரியாவுல கரண்ட் வர சாயங்காலம் ஆகுது. மூடுன டப்பாவுக்குள்ள தண்ணி நின்னு போனா ஆக்சிஜன் தீந்து பாக்டீரியா சாகும். கரண்ட் வந்ததும் அந்த நாத்தத் தண்ணி நேரா மீன் மேலதான் வரும். வேண்டாம்னு விட்டுட்டேன்.

வாங்குனது காத்து மோட்டார்ல ஓடுற ரெட்டை ஸ்பாஞ்ச் பில்டர் ஒண்ணு, விளிம்புல மாட்டுற ஹேங் ஆன் ஒண்ணு. பழசைக் கழட்டாம ஒரு மாசம் மூணையும் சேத்து ஓட்டுனேன், புதுசுல பாக்டீரியா குடியேறணுமே. இப்பெல்லாம் தொட்டியில மொண்ட தண்ணியிலயே ஒரு ஸ்பாஞ்சை ரெண்டு அமுக்கு அமுக்கறதோட சரி. அடுத்தது ரெண்டு வாரம் கழிச்சு. காபி நெறத்துல, மண்ணு வாசத்தோட கலங்கல் எறங்கும். அம்மா அந்த பக்கெட்டைக் கருவேப்பிலைச் செடிக்குன்னு எடுத்துட்டுப் போயிருவாங்க.

கோபியிலிருந்து:
ஏனுங்ண்ணா, காத்து மோட்டாரைத் தண்ணி மட்டத்துக்கு மேல வெச்சிருக்கீங்களா? நான் கீழ் அலமாரியில வெச்சிருந்தனுங்க. கரண்ட் நின்னதும் ட்யூப் வழியா தண்ணி எறங்கி மோட்டார் போச்சு, பிளக் போர்டு வரைக்கும் நனைஞ்சிருச்சு. கெணத்து மோட்டாருக்கு புட்வால்வு மாதிரி, அந்த ட்யூப்புக்கும் சின்ன வால்வு ஒண்ணு விக்கிறாங்க. தண்ணியைத் திரும்ப விடாது. மாட்டிருங்க.

பொள்ளாச்சியிலிருந்து:
நான் பட்டது கரியில. ஹேங் ஆன் கூட வர்ற கரி அட்டையை, பாக்கெட்டுல போட்டிருந்தபடி மாசாமாசம் தூக்கிப் போட்டுப் புதுசு வெச்சேன். அதுல ஒட்டுன பாக்டீரியாவும் கூடவே போயி, ஒவ்வொரு மாசமும் தண்ணி கலங்குச்சு. கொட்டாங்குச்சிக் கரி தண்ணியில இருக்கிற மருந்து, நெறம், வாடையை இழுக்கும், அமோனியாவை இழுக்க ஆகாது. இப்ப அந்த எடத்துல ஸ்பாஞ்சை வெட்டி வெச்சிருக்கேன். மீனுக்கு மருந்து போட்டு முடிஞ்சா மட்டும் ஒரு வாரம் கரி.

திருப்பூரிலிருந்து:
வால்வு இன்னைக்கே வாங்கிடறனுங்க. இன்னொண்ணு சொல்ல விட்டுப்போச்சு. மொதல்ல எடுத்த ஹேங் ஆன், கரண்ட் வந்தா சத்தம் மட்டும் போடும், காத்துப் புடிச்சுக்கிட்டு தண்ணி தூக்காது. கையால தண்ணி ஊத்தி விடணும். மாத்திக் குடுக்கச் சொல்லி, மோட்டார் தண்ணிக்குள்ளயே முங்கி இருக்கிற மாடலா எடுத்தேன். அது தானா ஓடிருது. மீனு மிச்ச ரெண்டோட நிறுத்திட்டோம். அதுகளுக்கே 55 லிட்டர் பத்தாது, மூணடித் தொட்டி பாத்துட்டு இருக்கேன்.