கிருஷ்ணகிரி - ஓசூர்: இறக்கத்தில் ரீஜென் எவ்வளவு வைக்கிறீர்கள்?

எலக்ட்ரிக் கார் ஓட்டுகிற நண்பர்களே, ஒரு சந்தேகம். கிருஷ்ணகிரியிலிருந்து வேலைக்கு ஓசூர் போய் வருகிறேன், போகும்போது மேலுமலை ஏற்றத்தில் பேட்டரி சதவீதம் கண்ணெதிரே இறங்குகிறது, திரும்பும்போது அவ்வளவு செலவாவதில்லை. ஓசூர் நம்ம ஊரைவிட சில நூறு மீட்டர் உயரம், ஏறும்போது இழுக்கத்தான் செய்யும், சரி. வேகத்தை 100-லிருந்து 80-க்குக் குறைத்தால் காற்றுத் தடை நன்றாகக் குறையும் என்பதும் தெரியும் (பின்னால் வருகிறவரின் ஹாரனைத் தாங்க முடிந்தால்!).

என் குழப்பம் இறக்கத்தில்தான். ரீஜெனை (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி) முழுசாக வைத்து இறங்குவதா, குறைத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் உருள விடுவதா? ஓசூரில் 100 சதவீதம் ஏற்றிக் கிளம்பினால் பேட்டரியில் இடமில்லாமல் ரீஜென் சரியாகப் பிடிப்பதில்லை, பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டியிருக்கிறது, 80-லேயே நிறுத்திவிடலாமா? அப்புறம், ஏசியை அணைக்க மட்டும் சொல்லாதீர்கள், சித்திரை வெயிலில் முடியாது. இதே ரோட்டில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.