பெரியம்மா அஞ்சு போனையும் பிஸ்கட் ரின்னுக்க போட்டு மூடிட்டா. சூரியன் வெடிச்சா கொஸ்மிக் கதிர் கூடுமா?

உப்புவெளி_காத்து:

எல்லாருக்கும் வணக்கம், விசர்க் கேள்விதான், சிரிக்காதேங்கோ. நேற்று இரவு எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில அந்தப் பழைய மெசேஜ் திரும்ப வந்திட்டுது, இரவு 12.30 இல இருந்து 3.30 மட்டும் கொஸ்மிக் கதிர் பூமிக்குக் கிட்டவாப் போகுதாம் போனை ஓஃப் பண்ணி உடம்புக்குத் தள்ளி வையுங்கோ எண்டு. உது பொய் எண்டு எனக்குத் தெரியும். ஆனா பெரியம்மா விடேல்ல, வீட்டில கிடந்த அஞ்சு போனையும் பறிச்சு பிஸ்கட் ரின்னுக்க போட்டு மூடி அதுக்கு மேல சுளகையும் கவிட்டு வச்சிட்டா. மாமா விடிய நாலு மணிக்கு கரைவலைக்குப் போறவர், அவற்ற அலாரமும் ரின்னுக்கதான் கிடந்தது, மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

இப்ப கேள்வி என்னெண்டா, மச்சான் ஒருத்தன் சொல்லுறான் மெசேஜ் பொய்தான் ஆனா சூரியன் உண்மையா வெடிக்கிறது, 2024 மே மாசம் லடாக்கில வானமே சிவந்து போட்டோ எல்லாம் வந்தது, அப்பிடி வெடிக்கேக்க கொஸ்மிக் கதிர் கூடத்தானே வேணும் எண்டு. கேக்க ஞாயமாத்தான் இருக்கு. கூடுமா? எங்கட திருகோணமலைக்கு உதால ஏதும் நடக்குமா? நான் ஏலெவல் ஆர்ட்ஸ், கணக்குப் போட்டு விளங்கப்படுத்தினா ஓடிப்போடுவன்.

சீனக்குடா_பௌதிகம்:

கணக்கு இல்லை, பயப்பிடாதேங்கோ. பெரியம்மாவும் மச்சானும் ரெண்டு பேரும் தலைகீழாப் பிடிச்சிட்டினம். பெரிய வெடிப்பு ஒண்டு பூமியில வந்து அடிக்கேக்க கொஸ்மிக் கதிர் கூடுறதில்லை, குறையுது.

கொஸ்மிக் கதிர் எண்டு பேர்தான், கதிரே இல்லை. பெரும்பாலும் புரோத்தன், சூரிய குடும்பத்துக்கு வெளிய இருந்து, செத்து வெடிச்ச நட்சத்திரங்கள் மாதிரியான இடங்களில இருந்து வாற துணிக்கை. 1912 இல விக்டர் ஹெஸ் எண்ட ஆள் பலூனில 5000 மீற்றருக்கு மேல ஏறிப் பாத்து, மேல போகப் போக உந்தக் கதிர்வீச்சு கூடுது எண்டு கண்டுபிடிச்சார், கதிர் எண்ட பேர் அந்தக் காலத்துப் பேர், அப்பிடியே ஒட்டிட்டுது. அது வளிமண்டலத்தில மோதிச் சிதறி மியூவன் எண்ட துணிக்கையா எங்கட தலையில கொட்டுது. சதுர சென்ரிமீற்றருக்கு நிமிசத்துக்கு ஒண்டு. உள்ளங்கையை விரிச்சுப் பிடிச்சீங்கள் எண்டா ஏறத்தாழ ஒவ்வொரு செக்கனும் ஒண்டு துளைச்சுக்கொண்டு போகுது, இப்ப இதை வாசிக்கேக்கயும்தான், ஓடு சுளகு பிஸ்கட் ரின் எதுவும் அதுக்குக் கணக்கில்லை.

இப்ப சூரியன். சூரியனில கறுப்புப் புள்ளி தெரியிற இடத்தில காந்தப் புலம் முறுகிக்கொண்டே இருக்கும். நைலோன் கயிறை ரெண்டு பக்கமும் பிடிச்சு முறுக்கிக்கொண்டே போங்கோ, ஒரு கட்டத்தில நடுவில தானா மடிஞ்சு சுருண்டு எழும்பும், மாமாவைக் கேட்டா காட்டுவார். அங்கயும் அப்பிடித்தான், முறுகின காந்தக் கயிறு எழும்பி, கீழ்ப் பக்கத்துப் புலக்கோடுகள் அறுந்து வேற மாதிரி ஒட்டி, சேத்து வச்ச சக்தி முழுக்க வெளிய வரும். இதில ரெண்டு சாமான் இருக்கு, எல்லாரும் ஒண்டாப் போட்டுக் குழப்பிறது. ஒண்டு ஃபிளேர், அது வெளிச்சமும் எக்ஸ் கதிரும், எட்டு நிமிசத்தில இஞ்ச வந்திடும். மற்றது சிஎம்இ, அது சரக்கு. நூறு கோடி தொன் கணக்கில சூடான வாயுவும் அதோட பிணைஞ்ச காந்தப் புலமும் கிளம்பி வாறது. கடலில களவா டைனமைட் அடிக்கிறவங்களைப் பாத்திருப்பியள், வெளிச்சமும் சத்தமும் முதல், அலை வந்து வள்ளத்தில முட்டுறது பிறகு.

அந்தச் சரக்கு வாற வழிதான் எனக்குப் பிடிச்ச பகுதி. கிளம்பேக்க செக்கனுக்கு 250 கிலோமீற்றரும் இருக்கும் 3000 மும் இருக்கும். வழியில சூரியக் காத்து, அதாவது சூரியனில இருந்து ஓடி வாற துணிக்கைகள், எந்த நேரமும் செக்கனுக்கு 400 கிலோமீற்றர் வேகம் போல வீசிக்கொண்டிருக்கு, அதால கெதியா வாறதை அது பிடிச்சு இழுத்து மெதுவாக்கும், மெதுவா வாறதைத் தள்ளிவிடும், ரெண்டின்ட வேகமும் காத்தின்ட வேகத்தை நோக்கித்தான் மாறும். கெதியானது பதினஞ்சு பதினெட்டு மணித்தியாலத்தில வரும், சாதாரணமானதுக்கு ரெண்டு மூண்டு நாள், சோம்பேறிக்கு அதுக்கு மேலயும். வரவர ஊதிப் பெருத்து, பூமிக்கிட்ட வரேக்க மூண்டு நாலு கோடி கிலோமீற்றர் அகலம். வேகமானதுக்கு முன்னால ஒரு அதிர்ச்சி அலை, அதுக்குப் பின்னால நசுங்கிக் கலங்கின காந்தப் புலம், அதுக்கும் பின்னாலதான் அந்தக் கயிறு.

கொஸ்மிக் கதிர் ஏற்றமுள்ள துணிக்கை எண்டபடியா காந்தப் புலத்துக்குள்ளால நேர ஓட ஏலாது, வளைஞ்சு திரும்பிப் போடும். அப்ப இவ்வளவு பெரிய காந்தக் கும்பி பூமியைக் கடந்து போகேக்க வெளிய இருந்து வாறதைத் தடுத்துத் தள்ளிவிடுது. கரைவலை மாதிரித்தான், ஆனா ஒரு வித்தியாசம், வலையில சின்ன மீன் நழுவிப் போகும் பெரிசு மாட்டும், இஞ்ச சக்தி குறைஞ்சது மாட்டும் சக்தி கூடினது கிழிச்சுக்கொண்டு வந்திடும். 1937 இல ஸ்கொட் ஃபோர்புஷ் எண்டவர் முதல் கவனிச்சபடியா ஃபோர்புஷ் வீழ்ச்சி எண்டு பேர். சில மணித்தியாலத்தில சடாரெண்டு விழும், பழைய நிலைக்கு வர நாள் கணக்கில, சிலநேரம் ஒரு கிழமைக்கு மேலயும் ஆகும், ஏனெண்டா வலை பூமியைத் தாண்டி வெளிய போனாப் பிறகும் பின்னால வெறுமையாக் கிடக்கிற இடத்தை நிரப்ப துணிக்கைகள் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்.

2024 மே 10, 11 இல நடந்தது அதுதான். ஒரே புள்ளிக் கூட்டத்தில இருந்து ஒண்டுக்குப் பின்னால ஒண்டா சிஎம்இ கிளம்பி, பின்னால வந்தது முன்னால போனதைப் பிடிச்சு முட்டி எல்லாம் சேந்து வந்து அடிச்சது. காந்தப் புயல் அளவில ஜி5, அதுக்கு மேல அளவே இல்லை. அண்டைக்கு கொஸ்மிக் கதிரை அளக்க உலகத்தில வச்சிருக்கிற நியூத்திரன் கருவிகளைப் பாத்தா கொஸ்மிக் கதிர் தொப்பெண்டு விழுந்து கிடக்கு. அப்ப பெரியம்மாவின்ட கணக்குப்படி அண்டைக்குத்தான் போனைத் தலைமாட்டில வச்சு நிம்மதியாப் படுத்திருக்க வேணும்.

கிண்ணியா_மல்டிடே:

மச்சான் இதெல்லாம் சரி, எங்களுக்கு வேண்டியது வேற. வாப்பா மல்டிடே போட்டில போறவர், இருபது நாள் முப்பது நாள் கடலில, கரையோட கதைக்கிறது ரேடியோ செட்டில. போன வருசம் ஒருநாள் பகல் பன்ரெண்டு மணி போல கதைச்சுக்கொண்டிருக்கேக்க அப்படியே செத்துப் போச்சாம் செட், இரைச்சல் கூட இல்லையாம், பக்கத்து போட்டுக்காரனுக்கும் அப்படித்தானாம், செட்டுக்கு ஏதோ ஆகிட்டுது எண்டு வயரெல்லாம் கழட்டிப் பார்த்திருக்காங்க, ஒரு மணித்தியாலத்தால தானாவே வந்துட்டு. அது உதாலயா இருக்குமா? இன்னொண்டு, ராவு ஏழு எட்டு மணிக்கு ஜிபிஎஸ் சிலநாள் ஆடும், போட் நிக்கும் ஆனா மெசின்ல போட் நடக்கும்.

கன்னியா_வெந்நீர்:

சீனக்குடா அண்ணை வடிவா எழுதியிருக்கிறார், ஆனா குறையுது குறையுது எண்டு மட்டும் சொல்லிட்டுப் போறது எனக்குச் சரியாப் படேல்ல.

முதலாவது, சூரியன் வெடிக்கேக்க தானே துணிக்கைகளை முடுக்கி விடும். சிஎம்இக்கு முன்னால போற அதிர்ச்சி அலையில மாட்டுற புரோத்தன் பயங்கர வேகம் பிடிச்சு, சிஎம்இ வாறதுக்கு எவ்வளவோ முன்னமே, அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலத்தில வந்திடும். 1956 பெப்ரவரி 23 இல வந்ததெல்லாம் தரையில வச்ச கருவியிலயே பெரிசாத் தெரிஞ்சது. விண்வெளியில நிக்கிறவைக்கும் துருவத்துக்கு மேலால பறக்கிற பிளேனுக்கும் அது சீரியஸ் விசயம். அப்ப முதல் சூரியன்ட துணிக்கை கூடி, பிறகு வெளிய இருந்து வாறது குறையும், மச்சான் சொன்னதிலயும் பாதி உண்மை இருக்கு.

ரெண்டாவது ஊட்டி. அங்க கிரேப்ஸ் 3 எண்டு மியூவன் எண்ணுற பெரிய நிலையம் ஒண்டு இருக்கு. 2015 ஜூன் 22 இல சிஎம்இ அடிச்ச நேரம், குறைஞ்சு கிடக்க வேண்டிய மியூவன் ரெண்டு மணித்தியாலம் போல கூடினது. வந்த காந்தப் புலம் தெற்குப் பக்கமா, அதாவது பூமியின்ட புலத்துக்கு எதிரா இருந்தபடியா எங்கட கவசம் கொஞ்ச நேரம் மெலிஞ்சு போய், வழக்கமா உள்ள வர ஏலாத கொஸ்மிக் கதிரும் வந்திட்டுது எண்டு 2016 இல எழுதினவை. பேப்பர்காரர் உடன கவசத்தில வெடிப்பு எண்டு தலையங்கம் போட்டிட்டினம், அவ்வளவு பெரிசா ஒண்டுமில்லை, கருவியில தெரிஞ்சது, மனிசருக்குத் தெரியாது.

டச்பே_பழசு:

தெற்குப் பக்கம் எண்டதை யாரும் லேசா விட்டிடாதேங்கோ, முழு விசயமும் அதிலதான் கிடக்கு. வடக்கா வந்தா எவ்வளவு பெரிய சிஎம்இயும் பெரிசா ஒண்டும் செய்யாமப் போயிடும். தெற்கா வந்தா பூமிப் புலத்தோட ஒட்டிக் கதவைத் திறந்து விட்ட மாதிரி. சூரியனைப் பாத்து இதை முன்கூட்டிச் சொல்லுறது இண்டைக்கும் சரியா ஏலாது, 15 லட்சம் கிலோமீற்றர் முன்னால நிக்கிற சட்டலைட்டைக் கடந்து போகேக்கதான் தெரியும், இந்தியாவின்ட ஆதித்யாவும் 2024 ஜனவரியில இருந்து அங்கதான் நிக்குது. அதில இருந்து இஞ்ச வர கூடினா ஒரு மணித்தியாலம்.

துறைமுகத்து ஊர்க்காரர் எண்டபடியா ஒண்டு சொல்லுறன். 1972 ஓகஸ்ட் 4, வியட்னாம் சண்டை நேரம், அமெரிக்கன் ஹைபோங் பக்கக் கடலில போட்டு வச்ச காந்தக் கண்ணிவெடிகள் ஒரு கப்பலும் கிட்ட வராமலே டசின் கணக்கில தானா வெடிச்சது. கப்பல் வந்தா காந்தப் புலம் மாறும், அதைப் பாத்து வெடிக்கிற சாதி. அண்டைக்குப் புலத்தை ஆட்டினது சூரியன், அந்த சிஎம்இ பதினஞ்சு மணித்தியாலத்துக்குள்ள வந்தது.

சீனக்குடா_பௌதிகம்:

கன்னியா தங்கச்சி சொன்னது சரி, நான் நீட்டிக்கொண்டு போகக் கூடாது எண்டு விட்டனான், விட்டது பிழைதான். ஆனா திருமலைக்காரருக்கு அந்தச் சூரியத் துணிக்கை அனேகமா எட்டாது. நாங்கள் இருக்கிறது காந்த மத்திய கோட்டுக்குப் பக்கத்தில. இந்தியாக்காரன் 1963 இல முதல் ரொக்கெட்டை கேரளாவில தும்பாவில வச்சு விட்டதும் அந்தக் கோடு அதால போகுது எண்டுதான். இஞ்ச பூமியின்ட காந்தப் புலம் தரைக்குச் சமாந்தரமாக் கிடக்கு, மேல இருந்து வாற துணிக்கை அதைக் குறுக்க வெட்டித்தான் இறங்க வேணும். புரோத்தன் ஒண்டு நேர உச்சியில இருந்து எங்களிட்ட வர 16 கிகா இலத்திரன்வோல்ட் போல சக்தி தேவை, துருவத்தில கவசம் கிட்டத்தட்ட இல்லை. உலகத்திலயே கொஸ்மிக் கதிர் குறைவா விழுற பக்கம் எங்கட பக்கம்தான், ஊட்டியும் இதே கதை. அதே காரணத்தாலதான் வானம் சிவக்கிறதையும் நாங்கள் காணமாட்டம், லடாக்கோட அது நிண்டிட்டுது, கோணேசர் மலையில ஏறி நிண்டாலும் வடக்கால ஒண்டும் தெரியாது.

ஆனா கிண்ணியாத் தம்பிக்குச் சொல்ல வேண்டியது, அந்தக் கோட்டால எங்களுக்கு நட்டமும் இருக்கு. செட் செத்தது ஃபிளேரால எண்டா ஆச்சரியமில்லை. அந்த ரேடியோ வேலை செய்யிறது அயன்மண்டலத்தில, அதாவது வளிமண்டலத்தின்ட மேல் பக்கத்தில ஏற்றமுள்ள துணிக்கைகள் நிறைஞ்ச தட்டில, பட்டுத் திரும்பி வந்துதான். ஃபிளேரின்ட எக்ஸ் கதிர் வந்தா அதின்ட அடித்தட்டு திடீரெண்டு தடிச்சு, அலையைத் திருப்பாம அப்பிடியே விழுங்கிப்போடும். பகல் பக்கத்தில மட்டும்தான், சூரியன் உச்சியில நிக்கிற இடத்தில மோசம், இரவில இராது. நீங்கள் சொன்ன பன்ரெண்டு மணி, ஒரு மணித்தியாலம், பக்கத்து போட்டுக்கும் அதே கதை, மூண்டும் பொருந்துது. ஆனா திகதி பாக்காம அடிச்சுச் சொல்ல மாட்டன், பற்றறி வயர்ப் பிரச்சினையும் நடுக்கடலில நடக்கிறதுதானே.

ஜிபிஎஸ் ஆட்டம் வேற கதை, அதுக்குப் புயலே தேவையில்லை. பொழுதுபட்டாப் பிறகு அயன்மண்டலத்தின்ட அடிப்பக்கம் கெதியா மெலிஞ்சு போகும், மேல் பக்கம் கனமாவே இருக்கும். எண்ணெய்க்கு மேல தண்ணியை ஊத்தின மாதிரி. என்ன நடக்கும், எண்ணெய் குமிழி குமிழியா மேல கிளம்பும். அங்கயும் குமிழி கிளம்பும், ஜிபிஎஸ் சிக்னல் அதுக்குள்ளால வரேக்க நட்சத்திரம் மினுங்கிற மாதிரி மினுங்கி அறுபடும். காந்த மத்திய கோட்டுக்கு ரெண்டு பக்கமும்தான் இது கூட, எங்கட பக்கம் மார்ச் செப்ரெம்பரை ஒட்டின மாசங்களில, சூரியன் உச்சத்தில இருக்கிற வருசங்களில இன்னும் கூட. இப்ப நடக்கிற சுழற்சி 2024 இல உச்சத்துக்கு வந்திட்டுது எண்டு நாசா சொன்னது, அதால இன்னும் கொஞ்சக் காலம் மெசினில போட் நடக்கத்தான் செய்யும்.

உப்புவெளி_காத்து:

நன்றி எல்லாருக்கும், எண்ணெய் தண்ணிக் கதையோட பிடிச்சிட்டன். பெரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். எல்லாம் கேட்டுப் போட்டு, அப்ப கதிர் ரின்னையும் துளைச்சுக்கொண்டு போகுமோ எண்டு கேட்டா, ஓம் எண்டன், இனி கிணத்துக்கட்டுக்கு அங்கால கொண்டுபோய் வைப்பமா எண்டுறா. என்ன செய்ய.

கிண்ணியா_மல்டிடே:

காக்கா கடைசியா ஒண்டு, போட் போக முன்னம் நான் கரையில இருந்து என்னத்தைப் பாக்கணும்?

சீனக்குடா_பௌதிகம்:

அமெரிக்காவின்ட நோவா விண்வெளி வானிலைப் பக்கத்தில மூண்டு எழுத்து இருக்கும். ஜி காந்தப் புயல், எஸ் சூரியத் துணிக்கை, ஆர் ரேடியோ. ஒவ்வொண்டும் 1 இல இருந்து 5 மட்டும். நீங்கள் ஆரை மட்டும் பாருங்கோ, 3 அல்லது அதுக்கு மேல போனா செட் சாகலாம், வயரைக் கழட்டாம ஒண்டு ரெண்டு மணித்தியாலம் பொறுத்துப் பாக்கச் சொல்லுங்கோ. ஆனா ஃபிளேர் வெளிச்சத்தின்ட வேகத்தில வாறது எண்டபடியா முன்னமே அடிச்சுச் சொல்ல ஏலாது, இத்தனை வீதம் வரும் எண்டு மட்டும்தான் போடுவினம்.

கிண்ணியா_மல்டிடே:

சரி காக்கா, இரவைக்கு வாப்பா லைனுக்கு வருவார், சொல்றன். அவர் முழுக்கக் கேட்டுட்டு, அப்ப அந்த நாளையில மீன் படுமா படாதா எண்டுதான் கேப்பார்.