மாடு 21 நாளைக்கு ஒருக்கா பருவத்துக்குத் திரும்புது: தாது உப்பு பத்தலையா?

கேள்வி (குண்டடம்)
ஜெர்சி கலப்பு மாடு, மூணாவது ஈத்து, கன்னு போட்டு அஞ்சு மாசம். நஞ்சுக்கொடி தானா விழலை. மூணு தடவை சினை ஊசி போட்டும் 21 நாளைக்கு ஒருக்கா பருவத்துக்கு வருது. தீவனம்: சோளத்தட்டு, கொஞ்சம் பச்சை, தவிடு, பருத்திப் புண்ணாக்கு. தாது உப்பு 30 கிராம், தவிட்டுத் தண்ணியில, வாரத்துல மூணு நாள். எந்தச் சத்து குறையுது? இதே உப்பை மேச்சேரி செம்மறி ஆட்டுக்கும் போடலாமுங்களா?

பதில் (கட்டுத்தரை)
நாள் தவறாம திரும்புதுன்னா சினைப்பை வேலை செய்யுதுங்க. தாதுச்சத்து குறைஞ்ச மாடு பெரும்பாலும் பருவத்துக்கே வராது, இல்லீன்னா அறிகுறி காட்டாம வந்து போயிரும். கொடி தங்கின மாடு, அதனால முதல்ல கருப்பையைப் பாருங்க. பருவத்தப்ப ஒழுகற வழும்பு கண்ணாடியாட்டம் தெளிவா இருக்கோணும். வெள்ளைத் திரி கலந்திருந்தா சீழ்; அதுக்கு மருத்துவர்தான் வேணும், உப்பு கேக்காது. ஊசி நேரமும் பாருங்க: காலையில அறிகுறி தெரிஞ்சா சாயங்காலம், சாயங்காலம் தெரிஞ்சா மறுநா காலையில.

அதுக்காக உப்பை விட்றாதீங்க. 400 கிலோ மாடு ஏறக்குறைய 11 கிலோ உலர்பொருள் (ஈரம் போக மிச்சமிருக்கற தீவனம்) தின்னும். கிலோவுக்கு துத்தநாகம் 40, தாமிரம் 10 மி.கிராம்னு வெச்சா நாளைக்கு 440, 110 மி.கிராம் வேணும். காஞ்ச தட்டுல ரெண்டுமே கம்மி. பாக்கெட்டுல துத்தநாகம் 0.8 சதவீதம்னு போட்டிருந்தா 50 கிராமுல 400 மி.கிராம் கிடைக்கும். நீங்க குடுக்கற கணக்குல நாளுக்கு 100 தான் வருது, அதுலயும் ஒரு பங்கு தாழி அடியில தங்கிரும். ஈரத் தவிடு, புண்ணாக்குல பிசைஞ்சு காலை 25, மாலை 25 கிராம் தினமும் குடுங்க. கருமுட்டை வளரவே ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். மூணு மாசம் விடாம குடுத்தாத்தான் பலன் தெரியும்.

பதில் (நொய்யல் கரை)
போர் தண்ணி தாழியில செங்காவியா படியுதான்னு பாருங்க. இரும்பு கூடினா தாமிரம் உடம்புல ஒட்டாது. கந்தகமும் மாலிப்டினமும் சேந்தாலும் அப்படியே. கருமயிர் செம்பட்டையாகறது, கண்ணைச் சுத்தி வெளுக்கறது தாமிரம் குறைஞ்சதுக்கு அடையாளம். சுண்ணாம்புத் தூளைத் தனியா அள்ளிப் போடறதும் துத்தநாகத்தை முடக்கும்.

மயில் துத்தம் (தாமிர சல்பேட்) வாங்கி நீங்களா கலக்கவே வேண்டாமுங்க. ஜெர்சி ஈரல் தாமிரத்தை மத்த மாட்டை விட அதிகமா சேத்து வெக்கும். தட்டு, தண்ணி சந்தேகம்னா நாமக்கல் கால்நடைக் கல்லூரித் தீவன ஆய்வுக்கூடத்துல விசாரிங்க.

கால்நடை மருத்துவர், தாராபுரம்
கொடி தங்கறதுக்கு செலினியம், வைட்டமின் ஈ குறைவும் ஒரு காரணம். அடுத்த ஈத்துக்கு மூணு வாரம் முன்னாடி அந்த ஊசி போடறதைப் பத்தி உங்க மருத்துவர்கிட்ட பேசுங்க. செலினியம் தேவை கிலோ தீவனத்துக்கு 0.3 மி.கிராம்தான், கூடினா நஞ்சு.

செம்மறிக்கு மாட்டு உப்பு கூடவே கூடாது. தீவனத்துல தாமிரம் கிலோவுக்கு 15, 20 மி.கிராம் தாண்டி மாசக்கணக்குல போனா ஈரல்ல சேந்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் திடீர்னு கண் மஞ்சளாகி, மூத்திரம் செங்கறுப்பாகி ஆடு விழுந்திரும். அப்புறம் காப்பாத்தறது கஷ்டம். தாமிரம் சேக்காத செம்மறி உப்புன்னு கேட்டு வாங்குங்க. மாட்டுத் தாழியை நக்க ஆட்டை விடாதீங்க.